நாடகத்து மிட்வைஃப் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாங்க, இங்கே நீங்கதான் வாயைத் திறக்கணும்

லண்டன் வந்து மூணு மாசம், இப்போ எட்டு வாரக் கர்ப்பம். ராத்திரி பூரா 'கால் த மிட்வைஃப்' டி.வி. தொடர் பார்க்கிறேன், அதுல வர்ற மாதிரி மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கிறவங்க, சைக்கிளில் வருவாங்களா, டாக்டர் பார்க்கவே மாட்டாங்களா, ஈஸ்ட் ஹாமில் வீடு எடுக்கலாமா, தொட்டில் எங்கே வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க தங்கச்சி. வீடும் தொட்டிலும் அப்புறம். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

அந்தத் தொடர் ஆரம்பிக்கிறது 1957-ல, கிழக்கு லண்டன் பாப்லர்ல. வீட்டுப் பிரசவம் அப்போ சகஜம். இப்போ நூத்துக்கு ரெண்டு பேர் அளவுதான். சிக்கல் இல்லாத பிரசவத்துக்கு டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். அது அலட்சியம் இல்லை, மிட்வைஃபோட படிப்பே அதுக்குத்தான். ஆனா நாடகத்துல அவங்க வாசல்ல நின்னே எல்லாத்தையும் மோப்பம் பிடிச்சிடுவாங்க. நிஜத்துல நீங்க சொல்றதைத்தான் எழுதுவாங்க. "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு தலையாட்டினா அதையே எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. நம்ம ஆட்கள் கோட்டை விடுறது இங்கேதான்.

முதல்ல, இந்த வாரமே ஆஸ்பத்திரி வெப்சைட்டில் நீங்களே பதிவு பண்ணுங்க, ஜி.பி.க்காக, அதாவது குடும்ப டாக்டருக்காக, காத்திருக்கவேண்டாம். பத்து வாரத்துக்குள்ள புக்கிங், அதாவது மிட்வைஃபோட முதல் சந்திப்பு, முடியணும். தலசீமியாங்கிற பரம்பரை ரத்தக் கோளாறுக்கான பரிசோதனையை அதுக்குள்ள எடுத்துடுறது நல்லது. அப்புறம் 11-14 வாரத்துல ஒரு ஸ்கேன், 18-21ல ஒண்ணு, அவ்வளவுதான். சென்னையில மாசம் ஒண்ணு எடுக்கிறாங்கன்னு வாட்ஸ்அப் குழுவுல புலம்புறவங்க பேச்சைக் கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

இந்தியப் பூர்வீகம்னாலே 24-28 வாரத்துல சர்க்கரைப் பரிசோதனை வைப்பாங்க. ராத்திரியிலிருந்து தண்ணீர் மட்டும்; ஒரு வாய் காபி குடிச்சாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் உட்காரணும். வெறும் வயித்துல 5.6, பிறகு 7.8, இதுல ஒண்ணைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. "வெறும் 7.8 தானே"ன்னு சிரிக்காதீங்க. இங்கே கணக்கு மில்லிமோலில். 18 ஆல் பெருக்கினா நம்ம ஊர் மில்லிகிராம் கணக்குல 140.

உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில அரிச்சா, தடிப்பே இல்லாட்டியும், தேங்காய் எண்ணெய் தடவிட்டுப் படுக்காதீங்க. கல்லீரல்ல பித்தம் தேங்குற கோளாறா இருக்கலாம், தெற்காசியப் பெண்களுக்கு இது கூடுதலா வரும். பித்த அமிலத்துக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்க.

குழந்தை அசைவு குறைஞ்சா அதே நிமிஷம் மெட்டர்னிட்டி ட்ரையாஜுக்கு, அதாவது ஆஸ்பத்திரியில கர்ப்பிணிகளுக்கான அவசரப் பிரிவுக்கு, ஃபோன், நடுராத்திரி மூணு மணின்னாலும். "ஜில்லுனு தண்ணி குடிச்சு ஒருக்களிச்சுப் படு, காலையில பார்க்கலாம்"னு ஊரிலிருந்து அம்மா சொன்னா அம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டு ஃபோனைப் போடுங்க. குழந்தை இதயத்துடிப்பு கேட்கலாம்னு ஆன்லைன்ல விக்கிற டாப்ளர் கருவியில சத்தம் கேட்டுச்சுன்னு நிம்மதி ஆகிடாதீங்க. அது உங்க நாடித்துடிப்பாவே இருக்கலாம். ட்ரையாஜ் நம்பர் உங்க ஃபோன்லயும் வீட்டுக்காரர் ஃபோன்லயும் இருக்கணும். இங்கிலீஷ் தடுமாறினா மொழிபெயர்ப்பாளர் கேளுங்க, காசு கிடையாது. வீட்டுக்காரரைப் பேசவிடாதீங்க, வெட்கப்பட்டுப் பாதியை முழுங்கிடுவார்.

சைக்கிள் இல்லாட்டியும் வீட்டுக்கு வர்றது நிஜம்தான், பிரசவத்துக்கு அப்புறம். சுகப்பிரசவம்னா மறுநாளே அனுப்பிடுவாங்க. அஞ்சாம் நாள், அபூர்வமான பிறவி நோய் ஏதாவது இருக்கான்னு பார்க்க, குழந்தை குதிகாலைக் குத்தி அட்டையில நாலு சொட்டு ரத்தம் எடுப்பாங்க. அந்த நேரத்துல குழந்தையைக் கதகதப்பா வச்சிருங்க.

அந்தத் தொடர்ல 1961-ல நடக்கிற அஞ்சாவது சீசனுக்கு வந்துட்டீங்களா? மசக்கைக்கு டாக்டர் டர்னர் நல்ல எண்ணத்துல எழுதிக்கொடுத்த டிஸ்டவால், அதாவது தாலிடோமைடு, கை கால் குறைஞ்ச குழந்தைகளா வந்து நிக்கும். 1958லேருந்து 1961 வரைக்கும் இங்கே நிஜமாவே வித்த மாத்திரை அது. அதனால ஊர்லேருந்து பெட்டியில வந்த லேகியம், கஷாயப் பொடி, தைராய்டு மாத்திரை எதையும் மிட்வைஃப்கிட்ட மறைக்காதீங்க, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நீங்களா நிறுத்தவும் வேண்டாம். பேர் சொல்லத் தெரியலைன்னா டப்பாவையே பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.