எழுத்தே முஷ்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் கடன்பத்திர விளம்பரங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஃப்ரிட்ஸ் எர்லர் வரைந்த சிப்பாயை இரண்டு வரியில் கடந்துவிட்டு, லூசியன் பெர்ன்ஹார்டின் சுவரொட்டியைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். எனக்கோ அதில் ஒரு முஷ்டியும், வாசிக்கவே முடியாத எழுத்தும்தான் தெரிகின்றன. இதில் கலை எங்கே இருக்கிறது?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

எர்லரை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1917இல் ஜெர்மன் அரசு மக்களிடம் திரட்டிய ஆறாவது போர்க்கடனுக்காக வந்தது அவர் படம். எஃகுத் தலைக்கவசம் அணிந்த சிப்பாய் முள்கம்பிகளுக்கு நடுவே நிற்கிறான், பார்வை எங்கோ தொலைவில். ‘நாம் வெல்ல உதவுங்கள்’ என்கிறது வாசகம். பார்ப்பவர் நெஞ்சு இளகும். ஆனால், ஓவியத்தை எடுத்துவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாது.

பெர்ன்ஹார்ட் கெஞ்சவில்லை, உத்தரவிடுகிறார். ‘அமைதிக்கு இதுவே வழி, எதிரிகள் அப்படித்தான் விரும்புகிறார்கள்! ஆகவே போர்க்கடனில் பணம் போடு.’ கூடவே இரும்புக் கவசமிட்ட ஒரு முஷ்டி. உங்களுக்கு வாசிக்க முடியாத அந்தக் கோத்திக் எழுத்து அன்றைய ஜெர்மானியருக்குப் பள்ளிப் புத்தகத்திலேயே பழகியது. அதன் கூர்முனைகளையும் கவசத் தகடுகளின் விளிம்புகளையும் மாறி மாறிப் பாருங்கள். ஒரே உளியால் வெட்டியதுபோல இருக்கும். எழுத்தும் அங்கே ஒரு முஷ்டிதான். (மூலத்தில் ‘பணம் போடு’ என்பதற்கு வரும் ‘சைஷ்னே’ என்ற சொல்லுக்கு ‘படம் வரை’ என்றும் பொருள் உண்டு. ஓவியருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?)

இந்தச் சிக்கனத்தை அவர் போரில் கற்றுக்கொள்ளவில்லை. 1906இல் பெர்லினில் பிரீஸ்டர் தீக்குச்சி நிறுவனம் நடத்திய போட்டிக்கு முதலில் மேசை, சாம்பல் கிண்ணம், சுருட்டு, நடனப் பெண்கள் எல்லாம் வரைந்தாராம். பார்த்த நண்பர் அதைச் சுருட்டு விளம்பரம் என்று நினைத்துவிட்டார். ஒவ்வொன்றாக அழித்தார் பெர்ன்ஹார்ட். மிஞ்சியவை இரண்டு தீக்குச்சிகளும் நிறுவனத்தின் பெயரும். முதல் பரிசு அதற்குத்தான்.

அழகு என்று சொல்லும்போது எனக்கும் ஓர் உறுத்தல் உண்டு. ஒன்பது போர்க்கடன்களில் ஜெர்மானியர் ஏறக்குறைய 9,800 கோடி மார்க் கொடுத்தார்கள். பெரும்பாலான பத்திரங்களுக்கு வட்டி 5 சதவீதம். பணவீக்கம் முற்றிய 1923 நவம்பரில் ஒரு லட்சம் கோடி காகித மார்க்கைக் கொடுத்தால் ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் ஒரே ஒன்று கிடைத்தது. ஆயிரம் மார்க் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த கிழவிக்கு அன்று ஒரு ரொட்டித் துண்டுகூடத் தேறியிருக்காது.

அதே 1923இல் பெர்ன்ஹார்ட் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். பிறகு அங்கே அவர் உருவாக்கிய ‘பெர்ன்ஹார்ட் மாடர்ன்’ எழுத்துரு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். கொடி போல மெலிந்த, நாசூக்கான எழுத்து. அதையும் முஷ்டிச் சுவரொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே கைதானா என்று நீங்களே கேட்பீர்கள்.