கம்பைலர் எழுதும் மகளும் கடன் விண்ணப்பமும்

“மகள் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஏ.ஐ. சிறப்புப் படிப்பில் சேர்த்தே ஆக வேண்டும் என்று சித்தப்பா, அத்தை எல்லாரும் சொல்கிறார்கள். கடன் விண்ணப்பம்கூட வாங்கிவிட்டோம். அவளோ ராத்திரியெல்லாம் பார்சர், கிராமர் என்று எதையோ எழுதிக்கொண்டிருக்கிறாள். இதெல்லாம் சோறு போடுமா சார்?” என்று ஒரு தந்தை கேட்டிருக்கிறார்.

போடும் சார். ஆனால் ஆறுதல் சொல்வதற்கு முன் அந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். பெயரில் ‘ஏ.ஐ.’ இருக்கிறது என்பதற்காகக் கடன் வாங்கிச் சேரும் படிப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பெரும்பகுதி, இலவசமாகக் கிடைக்கும் பைதான் மொழி நூலகங்களை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, பயன்படுத்தும் பயிற்சிதான். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டாலாவது யோசிக்கலாம். இங்கே ஆசைப்படுவது சித்தப்பா.

மகள் செய்வது என்னவென்று பாருங்கள். பார்சர், கிராமர் (இலக்கணம்) என்று ராத்திரி எழுதுகிறாள் என்றால், தனக்கென ஒரு குட்டி நிரல் மொழியை உருவாக்குகிறாள் என்று தோன்றுகிறது. நிரலாளர் எழுதியதை வாங்கி, அது மொழியின் விதிப்படி இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கும் பகுதிதான் பார்சர். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரின் முதல் கட்டங்களில் ஒன்று. அதைக் கையாலேயே எழுதலாம். இல்லையென்றால் இலக்கண விதிகளை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, பார்சரை ஒரு கருவியிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கருவிதான் பார்சர் ஜெனரேட்டர். 1970களில் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய யாக், பின்னால் வந்த பைசன், டெரன்ஸ் பார் உருவாக்கிய ஆன்ட்லர் எல்லாம் இந்த வகை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ்கள், பிஎச்பி என்ற இணைய நிரல் மொழி மூன்றும் பைசனை நம்பியிருக்கின்றன. பெருந்தரவைக் கையாளும் ஸ்பார்க்கில், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழி) பகுதியின் பார்சர் ஆன்ட்லரில் உருவானது. எஸ்க்யூலைட் என்ற சிறு டேட்டாபேஸ்காரர்கள் லெமன் என்று தங்களுக்கென ஒன்றைச் செய்துகொண்டார்கள்.

போஸ்ட்கிரெஸின் இலக்கணக் கோப்பு திறந்தே கிடக்கிறது, பத்தாயிரம் வரிகளுக்கு மேல். அதன் தொடக்கத்திலேயே ‘எக்ஸ்பெக்ட் ஜீரோ’ என்று ஓர் அறிவிப்பு இருக்கும். இலக்கணத்தில் ஒரு முரண் வந்தாலும் பார்சர் உருவாகாது என்று பொருள். முரண் எப்படி வரும்? ஓர் ‘இஃப்’ (இப்படியானால்), அதற்குள் இன்னோர் ‘இஃப்’, கடைசியில் ஒரே ஓர் ‘எல்ஸ்’ (இல்லையென்றால்). அது எந்த இஃப்புக்குச் சொந்தம்? விதி தெளிவாக இல்லையென்றால் பைசன் ‘ஷிஃப்ட்-ரெட்யூஸ்’ முரண் என்று எச்சரித்துவிட்டு, பக்கத்து இஃப்போடு சேர்த்துவிடும். அந்த எச்சரிக்கையைப் படித்து விதியைத் திருத்தத் தெரிந்தவர், டேட்டாபேஸ் நிறுவனத்துக்கும், கோபால் (COBOL) என்ற பழைய மொழியில் உள்ள நிரல்களைப் புது மொழிக்கு மாற்றித் தருபவர்களுக்கும், சொந்தமாகச் சிறு விதிமொழி வைத்திருக்கும் நிதி நிறுவனத்துக்கும் வேண்டியவர்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கருவியை மட்டும் கற்றால் போதாது. ஜிசிசி என்ற பிரபல கம்பைலர், 2004-இல் சி பிளஸ் பிளஸுக்கும் 2006-இல் சி-க்கும் பைசனை விட்டுவிட்டுக் கையால் எழுதிய பார்சருக்குப் போனது. கோ (Go) மொழியின் கம்பைலரும் 2016-இல் யாக் கருவியைக் கைவிட்டது. பிழைச்செய்தி தெளிவாக வர வேண்டும் என்றால் பல சமயம் கையால் எழுதுவதே வசதி. அதனால் மகள் தன் குட்டி மொழிக்கு முதலில் பைசனில் ஒரு பார்சர், பிறகு கையால் ஒரு பார்சர் எழுதட்டும். வேண்டுமென்றே ஒரு அடைப்புக்குறியை விட்டுவிட்டு, இரண்டும் என்ன சொல்கின்றன என்று ஒப்பிடட்டும். நேர்முகத் தேர்வில் அரை மணி நேரம் பேச அது போதும். அடுத்து எல்எல்விஎம் (LLVM) என்ற, கம்பைலர் கட்டுவதற்கான இலவசக் கருவித் தொகுப்பு. சிப் நிறுவனங்களின் கம்பைலர் குழுக்கள் பெரும்பாலும் அதில்தான் வேலை செய்கின்றன. (சித்தப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: ஏ.ஐ. மாடல் சிப்பில் வேகமாக ஓடவும் கம்பைலர் வேண்டும்.)

இந்த வேலைகள் எண்ணிக்கையில் குறைவு, உண்மைதான். கிடைக்கும்வரை சாதாரண பேக்எண்ட் (சர்வர் பக்க நிரல்) வேலையில் இருக்கலாம். இந்தப் பயிற்சி அங்கேயும் கைகொடுக்கும். மேலே சொன்ன கருவிகள் எல்லாம் இலவசம், இப்போதிருக்கும் லேப்டாப்பே போதும். ஆகவே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மேற்படிப்பு வேண்டுமா என்பதை இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு அவளே சொல்லட்டும். இப்போதைக்கு, அவள் எழுதிய மொழியை ஒருமுறை ஓட்டிக்காட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள்.