குப்பைப் படங்களால் ஒரு முகம்

கேள்வி: என் கைப்பேசியில் மங்கலான படங்கள், ஒன்றையே நான்கு முறை எடுத்தவை, 'காலை வணக்கம்' படங்கள், ஸ்கிரீன்ஷாட்கள் என 9,000 படங்கள் தேங்கிக் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டே என் பாட்டியின் முகத்தை 3 அடிக்கு 2 அடி கேன்வாஸில் மொசைக் படமாக, அதாவது சிறு படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி உருவாக்கும் ஒரு பெரிய படமாக, அச்சிட விரும்புகிறேன். படங்களின் தரம் போதாது, தெளிவாக்க 2,500 ரூபாய் கூடுதலாகும் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படத்தையும் அரை அங்குலக் கட்டமாக வைத்தால் நீங்கள் சொல்லும் அளவுக்கு 3,456 கட்டங்கள் பிடிக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற நல்ல அச்சுத் தரத்திலும் அரை அங்குலமான ஒரு கட்டத்துக்கு 150 பிக்சல் (படப் புள்ளி) அகலமும் அதே உயரமும் போதும். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பும் படங்கள்கூடப் பொதுவாக இதைவிடப் பல மடங்கு பெரியவை.

மொசைக்கில் ஒரு படத்தின் மதிப்பு அதன் தெளிவில் இல்லை, நிறத்தில்தான் இருக்கிறது. சட்டைப்பைக்குள் தவறுதலாக எடுபட்ட கறுப்புப் படங்கள் கண்ணுக்கும் புருவத்துக்கும் உதவும். காலை வணக்கப் படங்களின் சூரிய உதயங்கள் முகத்தின் நிறத்துக்கு அருமையாகப் பொருந்தும். ஆகவே மங்கலானவற்றை அழித்துவிடாதீர்கள். பாட்டியின் படத்தை மட்டும், முகம் நிறைந்து, வெளிச்சமும் நிழலும் நன்கு பிரிந்து தெரிவதாகத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் லியோன் ஹார்மன் 1973இல் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் நிறக் கட்டங்களாகக் குறைத்துக் காட்டியபோதும், சற்றுத் தள்ளி நின்று பார்த்தவர்களால் அவரை அடையாளம் காண முடிந்தது. உங்களிடம் அதைப்போல் பல மடங்கு கட்டங்கள் இருக்கின்றன.

கட்டங்களை அடுக்கும் வேலையை 'ஆந்த்ரேயா மொசைக்' போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு வீட்டுக் கணினியிலேயே செய்துகொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஸ்கிரீன்ஷாட்களுக்கிடையே ஆதார் அட்டையும் வங்கி விவரமும் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், 9,000 படங்களையும் பென்டிரைவில் போட்டுக் கடையில் கொடுப்பது ஆபத்து. முடிந்த ஒரே கோப்பை மட்டும் கொடுங்கள். மென்பொருளில் கட்டங்களின் மேல் மூலப் படத்தின் சாயத்தை ஏற்றும் வசதி இருந்தால் அதைக் குறைவாகவே வையுங்கள். மிகுந்தால் சிறு படங்கள் தம் இயல்பான நிறத்தை இழந்து, மொசைக் என்பதே பொய்யாகிவிடும்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை மாதிரி அச்சுக்குச் செலவிடுங்கள். கண் பகுதியை மட்டும், முழு அளவில், அதே கேன்வாஸில் அச்சிட்டுப் பார்த்த பிறகே முழுப் படத்துக்கும் ஒப்புதல் தாருங்கள். விரைவில் மங்காத பிக்மென்ட் மையைக் கேளுங்கள். அளவு, கேன்வாஸ், மை ஆகிய மூன்றும் ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'ஆர்டர் பேரில் செய்த பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்று கடையில் எழுதியிருந்தாலும், ரசீதில் உள்ளதற்கு மாறாக அச்சிட்டுத் தந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் நீங்கள் புகார் செய்யலாம்.