குப்புறப் படுக்கும் சாய்வு நாற்காலியில் முகத்துக்கு ஓட்டை எதற்கு?

நீச்சல் குளத்தோரம் போடும் நீள நாற்காலிகள் சிலவற்றில் தலைமாட்டில் ஓர் ஓட்டை இருக்கும். குப்புறப் படுப்பவர் முகம் வைக்கும் இடம் அது. மசாஜ் மேசையில் இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

காரணம் மூக்கு. தட்டையான பரப்பில் குப்புறப் படுத்தால், மூச்சு விடுவதற்காகவே முகத்தை ஒரு பக்கம் திருப்பியாக வேண்டும். கழுத்து ஒரு பக்கம் திரும்புவது ஏறத்தாழ 80 டிகிரிதான். அந்த எல்லைக்கே கொண்டுபோய் அப்படியே நிறுத்தி வைக்கிறோம். பக்கத்து இருக்கைக்காரரிடம் முகத்தைத் திருப்பியபடி அரை மணி நேரம் பேசிவிட்டு எழுந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளுமே, அதே கதை.

ஓட்டை இருந்தால் முகம் நேராகக் கீழே பார்க்கும், கழுத்து முதுகோடு ஒரே கோட்டில் இருக்கும். ஆனால் வெறும் ஓட்டை போதாது. எடையை நெற்றியும் கன்ன எலும்பும் தாங்கும்படி விளிம்பு அமைய வேண்டும். கண்ணை அழுத்தினால் ஐந்து நிமிடம்கூடப் படுக்க முடியாது. அப்புறம் கைகள். பக்கவாட்டில் திறப்பு வைத்தால் கையைக் கீழே விட்டுப் புத்தகமே படிக்கலாம். பாதங்கள் விளிம்புக்கு வெளியே தொங்க இடம் இருந்தால் கணுக்காலும் இழுபடாது.

மெத்தை மெத்தென்று இருந்தால் சுகம் என்று பலர் நினைக்கிறார்கள்; குப்புறப் படுக்கும்போது வயிறு அதில் அமுங்கி இடுப்பு வளைவதால், சற்று விறைப்பான மெத்தைதான் சரி.