ஹார்பின் பனி விழாவுக்கு அம்மாவையும் மகளையும் அழைத்துப் போகலாமா?

கேள்வி: ஜனவரியில் அலுவலக வேலையாக பெய்ஜிங் போகிறேன். 66 வயதான அம்மாவும் 9 வயது மகளும் உடன் வருகிறார்கள். வடகிழக்குச் சீன நகரமான ஹார்பினின் பனிச் சிற்ப விழாவை இரண்டு நாளில் பார்த்துவிட முடியுமா? கொடைக்கானல் குளிருக்கு மேல் அறியாத இவர்கள் மைனஸ் 25 டிகிரியைத் தாங்குவார்களா? நாங்கள் சைவம். – மதுரை வாசகி

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். இரண்டு முழு நாள் போதும். ஆனால் அந்த நாட்களை இடங்களின் பட்டியலை வைத்துப் பிரிக்காதீர்கள், வெளிச்சத்தை வைத்துப் பிரியுங்கள். வெண்பனிச் சிற்பத்துக்கு வெயில் வேண்டும், பனிக்கட்டிச் சிற்பத்துக்கு இருள் வேண்டும். இதைக் கவனிக்காமல் நடுப்பகலில் போய் நின்று, பாதி அழகைத் தவறவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

முதலில் தேதி. 1985 முதல் விழாவின் அதிகாரபூர்வத் தொடக்கம் ஜனவரி 5. பூங்காக்கள் பொதுவாக டிசம்பர் பிற்பகுதியிலேயே திறந்துவிடும். சீனப் புத்தாண்டு விடுமுறை தொடங்கிவிட்டால் அறை வாடகையும் வரிசையும் எகிறிவிடும். பிப்ரவரி பிற்பகுதியில் வெயில் பட்டுச் சிற்பங்களின் கூர்மை மழுங்கத் தொடங்கும். ஜனவரி முதல் வாரம் கழிந்து, சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்பாகப் போய்விடுங்கள். பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் வேகமான வண்டி என்றால் சுமார் 5 மணி நேரம்தான்.

முதல் நாள் காலை 9 மணிக்கு சோங்ஹுவா ஆற்றின் வடகரையில் உள்ள சூரியத் தீவில் இருங்கள். வெண்பனியில் செதுக்கிய முகத்துக்கு நிறம் கிடையாது. நிழல்தான் அதற்குக் கண்ணும் மூக்கும். காலைச் சூரியன் சாய்வாக விழும்போது உளி பட்ட தடம்கூடத் தெரியும். பிறகு அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, அம்மாவை ஒரு மணி நேரம் படுக்கச் சொல்லுங்கள்.

பிற்பகல் 3 மணிக்கு ‘பனி மற்றும் வெண்பனி உலகம்’ எனப்படும் பெரிய பூங்காவுக்குள் நுழையுங்கள். இதற்கு மெட்ரோ இரண்டாம் தடத்திலேயே நிலையம் இருக்கிறது. டிக்கெட்டை முன்பதிவு செய்துவிடுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ஜனவரியில் அங்கே 4 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். அதற்கு முன் ஏதாவது ஒரு சுவரின் அருகே போய்க் கூர்ந்து பாருங்கள். அது சோங்ஹுவா ஆற்றிலிருந்து அறுத்தெடுத்த பாளங்களால் ஆனது. ஆறு மேலிருந்து கீழாக மெல்ல உறைவதால், காற்றுக் குமிழிகளும் அழுக்கும் கீழே தள்ளப்பட்டுக் கட்டி கண்ணாடி போலத் தெளிவாகிறது. பாளத்துக்குப் பாளம் ஒட்டவும் தண்ணீரே போதும். அரை மணி கழித்து உள்ளே பதித்த விளக்குகள் எரியும்போது, அதே சுவர் உங்கள் கண்முன்னே வேறொன்றாக மாறும். அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே மூன்று மணிக்கு நுழையச் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் நெருக்கடி வேண்டாம். புனித சோஃபியா தேவாலயம், கல் பாவிய மத்தியத் தெரு, மாலையில் ஜாவோலின் பூங்கா ஆகியவை போதும். பனி விளக்குத் திருவிழா 1963இல் அந்தப் பூங்காவில்தான் தொடங்கியது. அந்த விளக்கின் மூலம் மிக எளியது: வாளி நீரை வெளியே வைத்தால் ஓரம் முதலில் உறையும், நடுவில் உறையாத நீரைக் கொட்டிவிட்டு, குழிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மகளிடம் இதை முன்னமே சொல்லிவையுங்கள். பூங்காவை வேறு கண்ணோடு பார்ப்பாள்.

இனி குளிர். ஆட்களை வீழ்த்துவது பெரும்பாலும் வியர்வையும் அசையாமல் நிற்பதும்தான். உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத நீண்ட ஜாக்கெட். கடைகளும் ரயிலும் நன்றாகச் சூடேற்றப்பட்டிருக்கும், உள்ளே போனவுடன் மேலுடையைக் கழற்றிவிடுங்கள். காலணியில் கஞ்சத்தனம் கூடாது: தடித்த அடிப்பாகம், ஓர் அளவு பெரியது. இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும். ஒட்டும் சூட்டுப் பைகளை உடைமேல்தான் ஒட்ட வேண்டும், தோலில் கூடாது. முகத்துக்குத் தேங்காய் எண்ணெயை நம்பாதீர்கள், அது புட்டியிலேயே உறைந்து கிடக்கும், வாசலின் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி வெளியே, கால் மணி உள்ளே என்று நேரம் வைத்து நடங்கள். பூங்காவுக்குள்ளேயே சூடான உணவகங்கள் உண்டு. மகளின் மூக்கு நுனியையும் கன்னத்தையும் அவ்வப்போது பாருங்கள். வெளிறி, தொட்டால் உணர்வில்லை என்றால் உடனே உள்ளே போய் வெறும் கையால் பொத்திச் சூடாக்குங்கள், தேய்க்கக் கூடாது. பனிச் சறுக்குமர வரிசையில் அவள் நின்றால் பாட்டியை உள்ளே உட்காரவையுங்கள். அம்மாவுக்கு இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும்.

செல்போன் 40 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடும், ஜாக்கெட்டின் உள் பையில் வைத்திருங்கள். கேமராவை அறைக்குள் கொண்டுபோகும் முன் வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் மூடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர் பூக்கும். சீன உள்நாட்டு விமானத்தில் போவதானால், 2025 ஜூன் இறுதி முதல் ‘3சி’ என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க்குக்கு அனுமதி இல்லை.

சைவத்துக்குச் சற்று முயற்சி வேண்டும். ‘வோ ச்ச சூ’ என்றால் நான் சைவம் என்று பொருள். சீன எழுத்தில் அச்சடித்துக் காட்டுவது இன்னும் நல்லது. உருளைக்கிழங்கு, கத்தரி, குடைமிளகாய் வதக்கிய ‘தி சான் ஷியன்’ எங்கும் கிடைக்கும். இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் உறைந்த பேரிக்காய் கரி போலக் கறுத்துக் கிடக்கும். தயங்காமல் வாங்கி அறையில் குளிர்ந்த நீரில் போடுங்கள். பழம் இளக இளக அதன்மேல் பனி ஓடு ஒன்று படியும். அதை மகளைத் தட்டி உடைக்கச் சொல்லி, ஓரத்தில் சிறு துளையிட்டு உறிஞ்சக் கொடுங்கள்.