சி.ஆர்.பி. நிலம் வாங்கினால் அரசுப் பணம் தானாக வருமா?

கேள்வி: டாலஸில் வேலை பார்க்கிறேன், கிரீன் கார்டு இருக்கிறது. மத்தியக் கன்சாஸில் 160 ஏக்கர் விலைக்கு வருகிறது. அதில் 120 ஏக்கர் சி.ஆர்.பி. ஒப்பந்தத்தில் புல் நிலமாக இருக்கிறது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 38 டாலர், 2031 செப்டம்பர் வரை. “வாங்கிப் போட்டால் போதும், வருஷா வருஷம் பணம் வரும்” என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: பணம் வரும். ஆனால் தானாக வராது.

சி.ஆர்.பி. (Conservation Reserve Program) என்பது அமெரிக்காவின் 1985 பண்ணைச் சட்டத்தில் வந்த நிலப் பாதுகாப்புத் திட்டம். எளிதில் அரித்துப் போகும் நிலத்தில் உழவை நிறுத்திப் புல்லோ மரமோ வளர்ப்பவருக்கு, அமெரிக்க வேளாண்துறை 10 முதல் 15 ஆண்டு வரை வாடகை தருகிறது. அந்த வாடகை, விற்பவருக்கும் அரசுக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தின் பேரில் வருவது. பத்திரம் உங்கள் பெயருக்கு மாறுவதால் மட்டும் ஒப்பந்தம் மாறிவிடாது. நிலம் இருக்கும் கவுன்ட்டியில் (மாவட்டம் போன்றது) உள்ள எஃப்.எஸ்.ஏ. (Farm Service Agency) என்ற வேளாண்துறைக் கிளை அலுவலகத்துக்குப் போய், மிச்ச ஆண்டுகளுக்கு அதை உங்கள் பேரில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பொதுவாக 60 நாள் கெடு. தவறினால் ஒப்பந்தம் ரத்தாகும். விற்பவர் அதுவரை வாங்கிய வாடகையை வட்டியும் அபராதமுமாகத் திருப்பிக் கட்ட நேரிடும். அதனால் அந்தச் சுமையை உங்கள் தலையில் வைக்கும் ஒரு வரி கிரய ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். கிரயம் நடக்கும் ஆண்டின் வாடகையை எப்படிப் பிரிப்பது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வாடகை அக்டோபருக்குப் பிறகுதான் கைக்கு வரும். வாய்ப்பேச்சாக விட்டால் அப்போது மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

வாங்கிப் போட்டால் போதும் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. விலை பேசுவதற்கு முன் ஒரு முழுநாள் அந்த நிலத்தில் நடந்து பாருங்கள். சாலையில் நின்று பார்த்தால் இடுப்பளவுப் புல் காற்றில் அசைவது அழகாகத்தான் இருக்கும். உள்ளே போய்ப் புல்லை விலக்கினால் முழங்கால் உயரத்தில் சீடர் (cedar) மரக்கன்றுகள் நிற்கலாம், ஊதாப்பூ பூக்கும் மஸ்க் திசில் முட்செடி தரையோடு படர்ந்திருக்கலாம். ஒப்பந்தத்தை ஏற்ற நாளிலிருந்து இவற்றை அழிப்பது உங்கள் செலவு. இன்றைக்குக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடிய கன்றுக்கு ஐந்தாண்டு கழித்து இயந்திரம் கொண்டுவர வேண்டியிருக்கும்.

நினைத்தபோது புல் வெட்டவும் முடியாது. காடையும் ஃபெசன்ட் பறவையும் தரையில் முட்டையிடும் மாதங்களில் தடை உண்டு. ஒப்பந்தக் காலத்தின் நடுவில் தீயிட்டோ மேலாக உழுதோ புல்லைப் புதுப்பிக்கும் கடமையும் இருக்கலாம். அது முடிந்ததா, பாக்கியா என்று விற்பவரிடம் கேளுங்கள். பாக்கி என்றால் விலையில் குறையுங்கள்.

120 ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,560 டாலர். சொத்து வரி, களைக்கொல்லி, ஆள்கூலி போக மிஞ்சுவதுதான் வருமானம். 2031க்குப் பிறகு மறுபடி சேர்த்துக்கொள்வார்கள் என்று உறுதியில்லை; சேர்த்தாலும் இதே வாடகை கிடைக்காமல் போகலாம். அதற்குப் பிந்தைய பணத்தை நம்பி ஒரு டாலர்கூடக் கூடுதல் விலை தராதீர்கள்.

கிரீன் கார்டு இருப்பது உங்களுக்கு நல்லதாயிற்று. எச்1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் அவசரப்பட வேண்டாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர், நிலமும் முதலும் போட்டுத் தம் உடலுழைப்பையும் கணிசமாகத் தந்தாலொழிய இந்தப் பணம் கிடைக்காது. போதாததற்கு, அப்படிப்பட்டவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் வேளாண்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் விழலாம்.

சரி, முதல் வேலையாக ஒப்பந்த நகல், பராமரிப்புத் திட்டம், வரைபடம் மூன்றையும் விற்பவரிடம் கேளுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் அலுவலகத்தில் இவற்றை உங்களுக்குத் தரமாட்டார்கள். அவர் இழுத்தடித்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.