புளியைக் கீழே வையுங்கள்!

கேள்வி: தாத்தாவின் தகரப் பெட்டியில் ஈய நிறத்தில் ஒரு பதக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் புலியைச் சிங்கம் அமுக்கிப் பிடித்திருக்கிறது; மறுபக்கம் கோட்டையும் படையும். நம் முன்னோர் ஒருவர் திப்புவோடு சண்டை போட்டு வாங்கியது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையா? புளி போட்டுத் தேய்க்கலாமா? அமெரிக்காவில் இருக்கும் மகன், அனுப்பி வை, ஏலத்தில் விடலாம் என்கிறான்.
– வாசகி, வேலூர்

பதில்: முதலில் புளியைக் கீழே வையுங்கள் அம்மா. வாலிபத்தில் என் வெண்கலப் பதக்கம் ஒன்றைப் புளியால் பளபளவென்று தேய்த்தவன் நான். பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. உங்களுடையது வெள்ளீயம், இன்னும் மெத்து. மெல்லிய துணியால் தூசியை மட்டும் ஒற்றி எடுங்கள், போதும்.

1799 மே 4-இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பதக்கம் இது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், சோஹோ என்ற நாணய அச்சாலையில் அடித்தது. அச்சு செதுக்கியவர் கூக்லர். தளபதிகளுக்குத் தங்கம், சார்ஜென்ட்டுகளுக்கு வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டவனுக்கு ஈயம்தான்!

சிங்கம் ஆங்கிலேயர், புலி திப்பு. சிங்கத்தின் தலைக்கு மேல் ஒரு கொடி இருக்கும், பாருங்கள். அதில் அரபியில் 'வெல்வது இறைவனின் சிங்கம்' என்று எழுதியிருக்கும். திப்பு தன் ஆயுதங்களில் புலி முகம்போல வளைத்துப் பொறித்துவைத்த வாசகம் அது. அதையே பிடுங்கி, அவருடைய புலியின் தலைக்கு மேலேயே பறக்கவிட்டார்கள். குசும்பு என்றால் இதுதான். என் சேகரிப்பில் இதைவிட அழகான பதக்கங்கள் உண்டு. ஆனால் வருகிறவர்களிடம் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

சரி, உங்கள் வீட்டுக் கதை. சென்னைப் படைச் சிப்பாய்கள் அந்தப் போரில் இருந்தார்கள், ஆகவே நடந்திருக்கலாம். ஆனால் வாங்கியவரின் பெயரைப் பொறித்துக் கொடுக்கும் வழக்கம் இந்தப் பதக்கத்துக்கு இல்லை. பதக்கத்தை மட்டும் வைத்து யாருடையது என்று சொல்ல முடியாது. பெட்டியில் பழைய காகிதம் ஏதாவது கிடக்கிறதா, துழாவிப் பாருங்கள்.

அசல்தானா என்று பார்க்க ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். சோஹோ பதக்கம் குறுக்கே 48 மில்லிமீட்டர். மேலே பொடிப்பொடியாகக் குழி விழுந்து, விளிம்பில் ஒட்டுக்கோடு தெரிந்தால் பின்னாளில் யாரோ வார்த்த நகல்.

அப்புறம், மகனிடம் அந்தப் பேச்சை விடச் சொல்லுங்கள். நூறு வயது தாண்டிய இப்படிப்பட்ட பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கைப்பையில் வைத்துக் கொண்டுபோனாலும் குற்றம்தான்.